கேட்டுக்கு வெளிய நிக்கிறவங்களையும் எழுதுங்க: கடலோரத்துக்கு போஸ்டிங் வர்ற இளம் அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

நான் கடலூர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், கூடவே மனு எழுதி கொடுக்குறேன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டுல பேர் சேக்குறது, புயல் பணம் வரலன்னு புகார், எல்லாம்தான். திங்கக்கிழமை குறைதீர்ப்பு நாளுன்னா காலையில எட்டு மணிக்கே கடை வாசல்ல நாலஞ்சு பேரு நிப்பாங்க, கையில மஞ்சப்பை, அதுக்குள்ள பிளாஸ்டிக் கவர், கவருக்குள்ள மழையில நனஞ்சு ஓரம் பிரிஞ்ச ஆதார் கார்டு.

நீங்க டிரெய்னிங் முடிச்சு எங்க பக்கம் வருவீங்க. கடலூரோ, விழுப்புரமோ, நாகையோ, இல்ல எல்லையில இருக்கிற முள்ளோடை தாண்டி பாண்டிச்சேரியோ. வந்து ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள ஒரு புயலையோ வெள்ளத்தையோ பாத்துடுவீங்க, இந்தக் கரை அப்படி. 2004ல சுனாமி, 2011 டிசம்பர் 30 விடியக்காலையில தானே புயல், 2015ல வெள்ளம், 2024ல ஃபெஞ்சல் புயல், நடுவுல பேரு மறந்துபோனது எத்தனையோ. அப்ப உங்க கையில ஒரு லிஸ்ட் இருக்கும். அந்த லிஸ்டை பத்திதான் இந்த மடல். அதுக்கு நான் ஜப்பான்ல பொறந்த ஒரு அம்மாவோட கதையையும் சொல்லணும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல என் கதை. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, எனக்கு இருபது வயசு. தேவனாம்பட்டினத்துல வெள்ளி கடற்கரையில காலையில கிரிக்கெட் ஆடிட்டிருந்த பசங்களைக்கூட கடல் தூக்கிட்டு போன நாள் அது. கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல செத்தாங்க, அந்தப் பக்கம் பாண்டிச்சேரி யூனியன்ல காரைக்கால்தான் ரொம்ப அடி வாங்குச்சு. நாங்க காலேஜ் பசங்க கொஞ்ச பேரு உதவிக்குப் போனோம், மறுநாள் ஒரு கல்யாண மண்டபத்துல என்னை உக்கார வச்சாங்க, கையெழுத்து நல்லா இருக்குன்னு லிஸ்ட் எழுதுற வேலை. லாங் சைஸ் நோட்டு, ஸ்கேல் வச்சு கோடு போட்டது, வரிசை நம்பர், குடும்பத் தலைவர் பேரு, எந்தக் குப்பம், ரேஷன் கார்டு நம்பர், மொத்தம் எத்தனை பேரு, கையெழுத்து. கார்டை கடல் கொண்டுபோனவங்களுக்கு அவங்க குப்பத்துப் பெரியவங்க யாராவது வந்து, ஆமா இது எங்க ஆளுதான்னு சொன்னா எழுதிக்கலாம். அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க, அது தப்புன்னு எனக்கு அப்ப தோணல.

மூணாவது நாள் ஒரு அக்கா வந்தாங்க, ரெண்டு சின்னப் பசங்க, கையில ஒரு அலுமினிய குண்டான். உப்பனாத்துல இறங்கி கையால தடவி இறால் புடிக்கிறவங்க அவங்க. ஓரத்துல கொட்டாய் போட்டு இருந்தாங்க, கொட்டாய் போயிடுச்சு. எந்தக் குப்பம்னு கேட்டேன், குப்பம் இல்ல. கார்டுன்னு கேட்டேன், எப்பவுமே இருந்ததில்ல. உங்களை யாருக்காவது தெரியுமான்னு கேட்டேன், மண்டபத்துல இருந்த யாரும் நம்ம ஆளுன்னு சொல்லல. நான் நோட்டை மூடிட்டு, லிஸ்ட்ல வராதுக்கான்னு சொன்னேன். அவங்க சண்டை போடல. "இந்த புள்ளைங்கள மட்டுமாவது எழுது தம்பி"ன்னாங்க. குடும்பத் தலைவர் இல்லாம பசங்களை தனியா எழுத முடியாதுன்னு நான் சொன்னேன், அதை சொன்ன என் குரல் இன்னும் எனக்கு காதுல கேக்குது. அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் அவங்க மண்டபத்து கிரில் கேட்டுக்கு வெளிய நின்னாங்க, கேட்டு உள்பக்கம் பூட்டியிருந்துச்சு, யாரோ ஒருத்தர் கம்பி சந்துல ஒரு பிரெட் பாக்கெட்டை நீட்டுனாங்க. மறுநாள் அவங்க இல்ல. எங்க போனாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு தெரியாது.

இதை பதினஞ்சு வருஷம் நான் யார்கிட்டயும் சொல்லல. 2019 அக்டோபர்ல சடாகோ ஒகாட்டான்னு ஒரு அம்மா 92 வயசுல இறந்துட்டாங்கன்னு செய்தி வந்துச்சு, ஐ.நா. அகதிகள் ஆணையத்தோட தலைவரா இருந்தவங்கன்னு போட்டிருந்தாங்க. அதுல ஈராக் குர்து மக்கள் பத்தி ரெண்டு வரி வந்துச்சு, அதைப் படிச்சதும் எனக்கு அந்த கிரில் கேட்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதுக்கப்புறம் அவங்களைப் பத்தி கிடைச்சதை எல்லாம் படிச்சேன், பாண்டிச்சேரிக்கு சாமான் எடுக்க போறப்ப ரோமன் ரோலண்ட் லைப்ரரியில போய் உக்காந்தும் படிச்சேன்.

1991 பிப்ரவரியில அந்த அம்மா ஜெனீவாவுல பதவி ஏத்தாங்க, வயசு 63, அந்த நாற்காலியில உக்காந்த முதல் பெண். அதுவரைக்கும் காலேஜ்ல பாடம் நடத்துன பேராசிரியர், நடுநடுவுல ஜப்பானோட ஐ.நா. தூதுக்குழுவுல வேலை பாத்தவங்க. சீட்டு சூடாகுறதுக்குள்ள வளைகுடா போர் முடிஞ்சு ஈராக் வடக்குல குர்து மக்கள் அரசாங்கத்தை எதிர்த்து கிளம்பி, சதாம் ராணுவம் அவங்களை அடிச்சு விரட்டுச்சு. சில வாரத்துக்குள்ள ஏறக்குறைய 18 லட்சம் பேரு வீட்டை விட்டு ஓடுனாங்க. ஈரான் எல்லையை தொறந்துச்சு, 13 லட்சம் பேரு போல அங்க போனாங்க. மீதி நாலரை லட்சம் பேரு துருக்கி எல்லை மலைக்கு ஓடுனாங்க, துருக்கி கதவை சாத்திடுச்சு. பனி, குளிரு, கைக்குழந்தைங்க, மலை உச்சியில எல்லைக் கோட்டுக்கு ஈராக் பக்கமே மாட்டிக்கிட்டாங்க.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. 1951 அகதிகள் ஒப்பந்தப்படி சொந்த நாட்டை விட்டு வெளிய வந்தவங்கதான் அகதி. இந்த நாலரை லட்சம் பேரு எல்லையைத் தாண்டல, அதனால காகிதத்துல அவங்க அகதி இல்ல, அதனால அந்த ஆணையத்தோட லிஸ்ட்ல வரமாட்டாங்க. ஆபீசுக்குள்ளயே பெரிய வாக்குவாதம் நடந்திருக்கு. உள்ள போய் உதவி பண்ணா நாளைக்கு எல்லா நாடும் இதையே சாக்கா வச்சு கதவை சாத்திடும்னு ஒரு பக்கம், அதுவும் நியாயமான பயம்தான். அந்த அம்மா ஹெலிகாப்டர்ல அந்த மலைக்கே போய் பாத்தாங்க. திரும்பி வந்து, ஈராக்குக்கு உள்ளயே போய் உதவி பண்றதுன்னு முடிவு எடுத்தாங்க. உயிர் போகுது, கோடு எந்தப் பக்கம்ங்கிறது அப்புறம், இதுதான் அவங்க கணக்கு.

சார், நான் அந்த இடத்தை படிச்சுட்டு கடை ஷட்டரை பாதி இறக்கிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன். உலகத்துல அவ்ளோ பெரிய ஆபீஸ், அவ்ளோ பெரிய சட்டம், அதுலயே ஒருத்தங்க ஃபார்ம்ல கட்டம் இல்லன்னா கட்டம் போடலாம்னு முடிவு பண்ணியிருக்காங்க. என் கையில இருந்தது ஒரு லாங் சைஸ் நோட்டு, ஒரு ஸ்கேல், ஒரு பேனா. எனக்கு ஒரு கோடு கூடுதலா போட எவ்ளோ நேரம் ஆகியிருக்கும்.

அவங்க எங்கிருந்து வந்தவங்கன்னு கொஞ்சம் சொல்லணும், ஏன்னா நீங்களும் படிச்சு பதவிக்கு வர்றவங்க. 1927ல டோக்கியோவுல பொறந்தாங்க. அப்பா தூதரக அதிகாரி, அதனால சின்ன வயசு அமெரிக்கா, சீனா, ஹாங்காங்னு போச்சு. அவங்க பூட்டன் இனுகாய் ஜப்பான் பிரதமர், 1932 மே மாசம் கடற்படை ஆபீசருங்க வீட்டுக்குள்ள புகுந்து அவரை சுட்டுக் கொன்னாங்க, அப்ப இந்த அம்மாவுக்கு நாலு வயசு. பின்னாடி கலிஃபோர்னியாவுல பி.எச்டி. பண்ணப்ப அவங்க எடுத்த தலைப்பு என்ன தெரியுமா, சீனாவோட மஞ்சூரியாவுல ஜப்பான் ராணுவம் புகுந்த விவகாரத்துல முடிவுகளை யாரு எப்படி எடுத்தாங்கங்கிறது. தன் வீட்டுல விழுந்த குண்டு எங்கிருந்து கிளம்புச்சுன்னு தேடிப் போயிருக்காங்கன்னு நான் நினைக்கிறேன். 1968ல ஐ.நா. பொதுச்சபைக்கு ஜப்பான் குழுவுல போக கூப்பிட்டப்ப ரெண்டு சின்னப் பிள்ளைங்களுக்கு தாய், வீட்டுல இருந்தவங்க நாங்க பாத்துக்குறோம் போயிட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. அப்புறம் 1979ல கம்போடியா அகதிங்களுக்காக தாய்லாந்து எல்லைக்குப் போன ஜப்பான் குழுவுக்கு தலைமை, அங்கதான் முகாம்னா என்னன்னு கிட்டப் போய் பாத்திருக்காங்க.

பதவியில இருந்த பத்து வருஷமும் நிம்மதியே இல்ல. குர்து மக்கள் பிரச்சனை முடியறதுக்குள்ள ஐரோப்பாவுல போஸ்னியா போர். அதோட தலைநகர் சரயேவோவை சுத்தி செர்பியப் படையோட துப்பாக்கி, ரோடு கிடையாது, 1992 ஜூலையில இருந்து 1996 ஜனவரி வரைக்கும் விமானத்துலயே சாப்பாடும் மருந்தும் கொண்டுபோய் இறக்குனாங்க, மூணரை வருஷம், 12,000 தடவைக்கு மேல. உசரம் அஞ்சடிதான் இருப்பாங்க, அந்த உடம்புல கனமான குண்டு துளைக்காத ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு நடந்து வர்ற போட்டோ இருக்கு, பாருங்க. அங்க அவங்களுக்கு வந்த சிக்கல் நம்மால யோசிச்சே பாக்க முடியாதது. முற்றுகையில மாட்டுனவங்களை லாரியில ஏத்தி வெளிய கொண்டு வந்தா, ஊரை காலி பண்ணணும்னு நினைக்கிறவனுக்கு நாமளே வேலை செஞ்சு கொடுத்த மாதிரி ஆகும், ஏத்தாம விட்டா அங்கயே செத்துருவாங்க. ரெண்டுமே தப்புன்னு தெரிஞ்சும் உயிரோட இருக்கிற வழியைத்தான் அவங்க ஆளுங்க எடுத்தாங்க.

1993 பிப்ரவரியில இன்னொண்ணு நடந்துச்சு. செர்பியப் படை லாரிங்களை மறிக்குது, இந்தப் பக்கம் சரயேவோவுல இருந்த அரசாங்கம், மத்த ஊருக்குப் போகாத சாப்பாடு எங்களுக்கும் வேணாம்னு எதிர்ப்பு காட்டுது, பசியை வச்சு ரெண்டு பக்கமும் அரசியல் பண்றாங்க. அந்த அம்மா, அப்படின்னா நான் நிறுத்துறேன்னு பெரும்பகுதி வேலையை நிறுத்தி வச்சாங்க. ஐ.நா. பொதுச்செயலாளர் புத்ரோஸ் காலிக்கு கோபம், சில நாள்ல அவரு அந்த உத்தரவை மாத்திட்டாரு. அவங்களை மீறி மாத்துனாலும், அந்த சில நாள்ல உலகம் பூரா யாரு வழியை மறிக்கிறாங்கன்னு பேச வேண்டியதா போச்சு, லாரிங்களும் திரும்ப ஓடுச்சு. மேல இருக்கிறவங்க திட்டுவாங்கன்னு தெரிஞ்சும் கீழ நடக்குறதை வெளிய சொல்றது எப்படின்னு நீங்க அவங்ககிட்ட பாக்கலாம்.

லிஸ்ட்ல பேரு சேக்குறது மட்டும் போதாதுங்கிறதுக்கு ருவாண்டாதான் சாட்சி. 1994 ஜூலையில சில நாளைக்குள்ள கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரு ருவாண்டாவை விட்டு பக்கத்து ஜயர் நாட்டுல (இப்ப காங்கோ) இருக்கிற கோமாங்கிற ஊருக்கு வந்து குவிஞ்சாங்க, காலரா வந்து ஏறக்குறைய 50,000 பேரு செத்தாங்க. அந்தக் கூட்டத்துலயே ருவாண்டாவுல இனப்படுகொலை பண்ணவங்களும் துப்பாக்கியோட கலந்திருந்தாங்க, அவங்கதான் முகாமுக்குள்ள தலைவருங்க, சாப்பாட்டு லிஸ்டும் அவங்க கையில, இல்லாத ஆளை இருக்குன்னு எழுதி சாப்பாட்டை எடுத்துக்கிட்டாங்க. துப்பாக்கிக்காரங்களை பிரிச்சு எடுக்க படை அனுப்புங்கன்னு அந்த அம்மா பாதுகாப்பு சபைகிட்ட கேட்டாங்க, எந்த நாடும் அனுப்பல. கடைசியில ஜயர் நாட்டு சிப்பாய்ங்களையே 1,500 பேரை சம்பளத்துக்கு வச்சு காவல் போட்டாங்க. சில தொண்டு நிறுவனங்க இங்க நாங்க இருக்க மாட்டோம்னு கிளம்பிடுச்சு, ஒகாட்டா அம்மாவோட ஆணையம் அங்கயே இருந்துச்சு, முகாம்ல பாதிக்கு மேல பொம்பளைங்களும் குழந்தைங்களும், அவங்களை யாருகிட்ட விட்டுட்டு போறது. அதுக்காக அவங்களை திட்டுனவங்க இன்னைக்கும் இருக்காங்க. அவங்க செஞ்சது சரிதான்னு நான் நினைக்கிறேன், ஆனா லிஸ்ட் யார் கையில இருக்குங்கிறதை முதல் நாளே பாத்திருக்கணும்ங்கிறதும் உண்மைதான். மனிதாபிமானப் பிரச்சனைக்கு மனிதாபிமானத்தால தீர்வு வராது, அரசியல் முடிவுதான் வேணும்னு அவங்க திரும்பத் திரும்ப சொன்னது இந்த அனுபவத்துல இருந்துதான்.

இது ஏதோ தூர தேசத்துக் கதைன்னு நினைக்காதீங்க. ஈசிஆர்ல பாண்டிச்சேரி தாண்டி மரக்காணம் போற வழியில கீழ்புத்துப்பட்டு முகாம் இருக்கு, நம்ம மாவட்டத்துலயே குறிஞ்சிப்பாடியில ஒண்ணு. 1983க்கு அப்புறம் இலங்கையில இருந்து அலை அலையா வந்த நம்ம ஜனங்க. இந்தியா அந்த 1951 ஒப்பந்தத்துல இன்னும் கையெழுத்தே போடல. ஆனா 1992ல, ஒகாட்டா அம்மா தலைவரா இருந்தப்பதான், அவங்க ஆணையம் மெட்ராஸ்ல ஆபீஸ் போட்டுச்சு, திரும்பிப் போறவங்ககிட்ட நீங்க விருப்பப்பட்டுதான் போறீங்களா, யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு கேட்டு உறுதி பண்ற வேலை. ஒரே ஒரு கேள்விதான், ஆனா கப்பல் ஏறப்போற ஒருத்தர்கிட்ட அதை உக்கார வச்சு கேக்குறதுக்கு ஒரு ஆள் இருக்கணும்ல. என்கூட காலேஜ் படிச்ச ஒரு நண்பன் முகாம்ல பொறந்து வளர்ந்தவன். சுனாமி சமயத்துல அவனும் எங்ககூட உதவிக்கு வந்து அரிசி மூட்டை தூக்குனான், இங்க யாரு எந்த ஊருன்னு ஏண்டா கேக்குறீங்க, பசிச்சவனுக்கு போடுங்கடான்னு அன்னைக்கே சொன்னான், எனக்குதான் உறைக்கல.

இப்ப நான் மனு எழுதுறதுல பாத்ததை சொல்றேன். கடலூர், பாண்டிச்சேரி எல்லை உங்களுக்கு மேப்ல பாத்தா புரியாது, நேர்ல பாக்கணும். பாகூர் பக்கம் ஒரு வயலு பாண்டி, அடுத்த வயலு தமிழ்நாடு, பொண்ணு கொடுக்குறது எடுக்குறது எல்லாம் கோட்டைத் தாண்டிதான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டிச்சேரி பக்கம் கரை கடந்து ஒரே நாள்ல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அது வடியறதுக்குள்ள சாத்தனூர் அணை தண்ணி தென்பெண்ணையில வந்து எங்க ஊரை முக்குச்சு. பாண்டிச்சேரியில ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய்னு அறிவிச்சாங்க, இங்க கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சியில 2,000 ரூபாய். ரெண்டுமே நல்ல அறிவிப்புதான், நான் குறை சொல்லல.

ஆனா அடுத்த வாரம் என் கடைக்கு ஒரு பொண்ணு வந்துச்சு, கைக்குழந்தை இடுப்புல. கல்யாணம் ஆகி எட்டு மாசத்துல ஊர் மாறி வந்தது, அப்பா வீடு பாண்டிப் பக்கம், புருஷன் வீடு இந்தப் பக்கம் ஆத்தோரம். அப்பா கார்டுல பேரை எடுத்து நீக்கல் சான்று வாங்கியாச்சு, இங்க புது கார்டுக்கு மனு போட்டு இன்னும் வரல. புருஷனும் அவங்க அண்ணன் கார்டுல இருந்து பிரிஞ்சு வந்தவரு. ஆத்துத் தண்ணி வீட்டுக்குள்ள இடுப்பளவு நின்னிருக்கு, சுவத்துல கறை போட்டோ போன்ல காட்டுச்சு, ஆனா கோட்டுக்கு ரெண்டு பக்கமும் லிஸ்ட்ல அந்தப் பொண்ணு இல்ல. யாரு தப்பும் இல்ல சார், ஒரு பேரு ஒரு கார்டுல இருந்து இறங்கி அடுத்த கார்டுல ஏறுறதுக்குள்ள வெள்ளம் வந்துடுச்சு. நடுவுல போன நாலு மாசத்துக்கு அந்தக் குடும்பம் எந்த அரசாங்கத்துக்கும் சொந்தம் இல்லாம இருந்துச்சு. நான் மனு எழுதினேன், காசு வாங்கல. பணம் வந்துச்சான்னு கேட்டா, அப்புறம் அந்தப் பொண்ணு கடைப்பக்கம் வரவே இல்ல.

அதனால உங்ககிட்ட கேக்குறேன். நோட்டுல, இப்ப டேப்லட்டோ மொபைல் ஆப்போ எதுவா இருந்தாலும், கார்டு இல்லாதவங்களுக்குன்னு முதல்லயே ஒரு பக்கம் ஒதுக்குங்க. கடைசிப் பக்கம் வேணாம், கடைசிப் பக்கத்துக்கு வர்றதுக்குள்ள பிரெட் தீந்துடும். பணம் கொடுக்கிறது உங்க கையில இல்லாம இருக்கலாம், ரூல் மேல இருந்து வருது, புரியுது, ஆனா பேரை எழுதுறது உங்க கையிலதான். எழுதுன பேருக்கு பின்னாடி கேள்வி கேக்கலாம், மனு போடலாம், ரூலையே மாத்தச் சொல்லலாம், எழுதாத பேருக்கு என்னை மாதிரி மனு எழுதுறவனால கூட ஒண்ணும் பண்ண முடியாது. ஒருத்தரை நம்ம ஆளுன்னு சொல்றதுக்கு யாரும் இல்லன்னா நீங்களே சொல்லுங்க. ஊர்ப் பெரியவங்க கொடுக்குற லிஸ்டை வாங்குங்க, வாங்கிட்டு ராத்திரி ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டு ஆத்தோரமும் செங்கல் சூளைப் பக்கமும் பிரிட்ஜுக்கு அடியிலயும் நடந்து பாருங்க, லிஸ்ட்ல வராதவங்க அங்கதான் படுத்திருப்பாங்க. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதே தெருவுல தண்ணி நின்னா, பிரெட் பாக்கெட் எண்ணிக்கையோட நிறுத்தாம, வாய்க்கால் எங்க அடைபட்டிருக்கு, அணை தொறக்குற தகவல் எத்தனை மணிக்கு ஊருக்கு வந்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதி மேல அனுப்புங்க, திட்டுனாலும் அனுப்புங்க.

ஒகாட்டா அம்மா 2000 டிசம்பர்ல அந்தப் பதவியை விட்டு இறங்குனாங்க. ஓய்வு எடுக்கல. நம்ம அமர்த்தியா சென்கூட சேந்து மனிதப் பாதுகாப்புக்கான ஆணையத்துக்கு தலைமை வகிச்சாங்க, நாட்டோட எல்லைக்கு மட்டும் பாதுகாப்பு இருந்தா போதாது, தனி மனுஷனோட சோறு, உடம்பு, படிப்பு, பயமில்லாம இருக்கிறது, அதுக்கும் பாதுகாப்பு வேணும்னு 2003ல அறிக்கை கொடுத்தாங்க. 2003ல இருந்து 2012 வரைக்கும் வெளிநாடுகளுக்கு உதவி பண்ற ஜப்பான் அரசாங்கத்து ஜைகா நிறுவனத்துக்கு தலைவர், சென்னை மெட்ரோவுக்கு கடன் கொடுத்த அதே ஜைகாதான், ஒப்பந்தம் 2008ல அவங்க காலத்துல போட்டது. 84 வயசு வரைக்கும் வேலை பாத்திருக்காங்க.

நீங்க போஸ்டிங் வந்ததும் ஒரு நாள் லீவுல, ஜீப்பு வேணாம், கடலூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து பாண்டி டவுன் பஸ் ஏறி முள்ளோடையில இறங்குங்க. முன்னாடி நாள் ஒரு ஆளை அனுப்பி கடையில சொல்லுங்க, நான் வந்து நிக்கிறேன். அங்கிருந்து ஆத்தங்கரை வழியா நடந்தே உப்பனாத்து ஓரம் வரைக்கும் கூட்டிட்டு போறேன். இறால் புடிக்கிறவங்க காலையில தண்ணி வத்துற நேரத்துல இறங்குவாங்க, இடுப்புல கூடை கட்டியிருப்பாங்க, தலை மட்டும்தான் வெளிய தெரியும். இப்ப நிறைய பேருக்கு கார்டு வந்துடுச்சு, சில பேருக்கு இன்னும் இல்ல. நோட்டு நான் கொண்டு வரேன், கோடு போட்டு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
கடலூர்ல மனு எழுதுற ஒருத்தன்